மால்டாவுக்குப் போகும் வழியில் சேஷய்யர் வீடு

விடைபெற்றுக்கொண்டவன் போய்விட வேண்டும். இதைவிடப் பெரிய உண்மையை நான் எந்த சயன்ஸ் புத்தகத்திலும் படித்ததில்லை. மாலை போட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஊரே கூடி வழியனுப்பிய பிறகும் ஒருவன் அதே தெருவில் தட்டுப்பட்டால் அவனுக்கு இரண்டே பெயர்தான் கிடைக்கும். ஒன்று அசடு. இன்னொன்று பேய். நான் இரண்டு பெயரையும் ஒருசேர வாங்கியவன்.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம். நாங்கள் பம்பாய் மாதுங்காவில், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பாவுக்குக் கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் தலைமைக் குமாஸ்தா உத்தியோகம். நான் பரேலில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குப்பிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன் (சர்ட்டிபிகேட்டில் அதை பாக்டீரியாலஜி என்று போட்டிருக்கும்). என் புரொபசர் யாருக்கோ எழுதி, மால்டாவில் எனக்கு மேல்படிப்புக்கு ஓர் இடம் வாங்கிவிட்டார். ஆட்டுப்பாலிலிருந்து மனிதர்களுக்கு ஒரு காய்ச்சல் வருகிறது. அதை ஆராய மால்டாவை விட்டால் இடம் இல்லை என்பது அவர் கட்சி. ஆனால் டெர்ம் ஆரம்பிப்பதற்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறு ஒருவனுக்குப் போய்விடும் என்றும் சொல்லியிருந்தார்.

அப்பா அட்லஸைப் பிரித்து, பூதக்கண்ணாடி வைத்து, மத்தியதரைக் கடல் முழுவதையும் சலித்தார்.

"இது தீவா, அச்சுப் போட்டவன் மையைத் தெளிச்சுட்டானா?" என்றார்.

அம்மாவின் சந்தேகம் வேறு. "ஆட்டுப்பால் குடிச்சா ஜுரம் வரும்னு கண்டுபிடிக்கவா அத்தனை தூரம் போறே? குடிக்காம இருந்தாப் போறாதா?"



மாதுங்கா அந்த நாளில் யாராவது வெளிநாடு போனால் லேசில் விடாது. எங்கள் தமிழ்க்காரர்கள் கூடி ஹாலில் ஒரு கூட்டம் போட்டார்கள். சந்தனச் சீவல் மாலை ஒன்று என் கழுத்தில் விழுந்தது. பேசியவர் ஒருவர், மால்டாவில் உள்ள ஆடுகள் எல்லாம் என்னை எதிர்பார்த்துக் காத்திருப்பதைப் போல உருகினார். நானும் எழுந்து, தாய்நாட்டை ஒருபோதும் மறக்க மாட்டேன் என்று தொண்டை கம்மச் சொன்னேன். (தாய்நாட்டை விட்டு நான் அப்போது போகப் போகும் தூரம் ஒரு சந்தின் அகலம் என்று எனக்கு எப்படித் தெரியும்?)

குளிருக்கு என்று அப்பா பழஞ்சாமான் விற்கும் சோர் பஜாரிலிருந்து ஓர் ஓவர்கோட் வாங்கி வந்தார். பட்டாளத்துச் சாமான். கனமான சாம்பல் நிறம், முழங்காலுக்குக் கீழே தொங்கியது. இடது மார்பில் வட்டமாக ஓர் ஓட்டை; யாரோ பொறுமையாக இழை கோத்துத் தைத்திருந்தார்கள். நான் அதையே பார்ப்பதைக் கண்டு அப்பா, "பூச்சி அரிச்சிருக்கும்டா" என்றார். பின்பக்கம் திருப்பினேன். அதே உயரத்தில் அங்கேயும் ஓர் ஓட்டை தைத்திருந்தது. அந்தப் பூச்சி நேராகப் போய் வெளியே வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கப்பல் வெள்ளிக்கிழமை. ஜோசியர் பஞ்சாங்கத்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். மால்டாவோ எப்படிச் சுற்றிப் போனாலும் மேற்கே. பரிகாரமும் அவரே சொன்னார்: பரஸ்தானம். அதாவது, புதன்கிழமை நல்ல வேளையில் மூட்டை முடிச்சோடு வீட்டை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். வேறு யார் வீட்டிலாவது தங்கி, கப்பல் நாளன்று அங்கிருந்து போக வேண்டும். சாஸ்திரப்படி பயணம் புதன்கிழமையே ஆரம்பித்துவிட்டது, சூலம் ஏமாந்துபோகும். ஒரே நிபந்தனை, கிளம்பியவன் திரும்பி வந்து சொந்த வீட்டு வாசற்படியைத் தாண்டக் கூடாது.

நான் சிரித்தேன். மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தவன் சூலத்துக்குப் பயப்படுவானா என்றேன். அம்மா சிரிக்கவில்லை.

"கிச்சா திரும்பி வந்தான்" என்றாள்.

கிச்சா மாமா அம்மாவின் தம்பி. சண்டைக்கு முன்னால் ரங்கூன் உத்தியோகத்துக்கு எங்கள் வீட்டிலிருந்துதான் புறப்பட்டார். தெருமுனை வரை போனவர், மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று ஓடி வந்து படியேறி எடுத்துக்கொண்டு போனார். ரங்கூனில் குண்டு விழுந்தபோது காட்டு வழியே இந்தியாவுக்கு நடந்து வந்தவர்களோடு அவரும் புறப்பட்டார் என்பது மட்டும் தெரிந்தது. அப்புறம் அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அம்மா இன்னும் அவருக்குத் திதி கொடுக்க விடவில்லை. அந்தப் பெயரைச் சொன்ன பிறகு எங்கள் வீட்டில் யாரும் வாதாடுவதில்லை.

தங்க இடம் வேண்டுமே? பம்பாயில் அப்போது ஓர் அறைக்கு ஒரு பட்டாளம் குடியிருந்தது. எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே, சந்தின் அந்தப் பக்கம், இரண்டாவது மாடியில் சேஷய்யர் வீடு மட்டும் பூட்டிக் கிடந்தது. அவர் நாகபுரிக்கு மாற்றலாகிப் போயிருந்தார். பால்கனித் துளசிக்குத் தண்ணீர் விடச் சொல்லி அப்பாவிடம் சாவியைக் கொடுத்திருந்தார்.

அந்த வீட்டில் சில மாதம் முன்னால் சேஷய்யரின் தமக்கை வாலாம்பா இறந்துபோயிருந்தாள். மத்தியானம் ஆனால் பல்லாங்குழிப் பலகையை எடுத்து வைத்துக்கொண்டு தனியாக ஆடுவாள். இரண்டு பக்கத்துக்கும் அவளே ஆடுவாள், தோற்ற பக்கத்தைத் திட்டவும் திட்டுவாள். சோழிகள் குழியில் விழும் சத்தம் சந்து முழுக்கக் கேட்கும். பலகையின் மேல் கை வைத்தபடியே ஒரு மத்தியானம் போய்விட்டாள்.

"அங்கேயா?" என்றேன்.

"ஏன், மைக்ராஸ்கோப்பு பயப்படறதா?" என்று கேட்டாள் என் தங்கை ருக்கு.

புதன்கிழமை காலை அம்மா ஆரத்தி எடுத்தாள். தெருவே வாசலில் நின்றது. விக்டோரியா குதிரை வண்டியில் டிரங்குப் பெட்டியோடு ஏறி, எல்லோருக்கும் கையை ஆட்டிவிட்டு, கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி, வடாலா வரை போய்ப் பொழுதைக் கழித்தேன். சந்து தூங்கும் மத்தியான வேளையில் பின்பக்கமாக வந்து சேஷய்யர் வீட்டுக்குள் நுழைந்தேன். அப்பா வெளியே பூட்டுப் போட்டார். வீட்டுச் சொந்தக்காரனுக்குத் தெரிந்தால், பகடி என்று கைப்பணம் வாங்கிக்கொண்டு ஆள் வைத்துவிட்டோம் என்று ரகளை பண்ணுவான். இரண்டு ராத்திரிதானே என்று அப்பா சொன்னார். பூட்டின் சத்தம் கேட்டதும் எனக்கு என்னவோ போலத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை கப்பல் போகவில்லை. பாய்லரில் கோளாறாம். கம்பெனி சிப்பந்தி அப்பாவிடம் "கல் ஆனா, சேட்" என்றான், நாளைக்கு வா என்று. அடுத்த நாளும் கல், அதற்கடுத்த நாளும் கல். ஆனால் தெருவில் எல்லோரும் "விச்சு இப்போ எந்தக் கடல்ல இருப்பான்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். மாலை போட்டு அனுப்பிய பிள்ளை எதிர்வீட்டில் பூட்டிக் கிடக்கிறான் என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை. "ஏடனைத் தாண்டியிருப்பான்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு நான் ஏடனைத் தாண்டித்தானே ஆக வேண்டும்?

இப்படியாக நான் பூட்டிய வீட்டுக்குள் செங்கடலில் பயணம் செய்தேன். விளக்குப் போடக் கூடாது. நடந்தால் கீழ் வீட்டு அம்புஜம் மாமிக்குக் கேட்கும் என்பதால் காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பேன். கக்கூஸில் சங்கிலியை இழுக்கக் கூடாது என்பது அப்பாவின் கடுமையான உத்தரவு. பழக்க தோஷத்தில் ஒரு தடவை இழுத்துவிட்டேன். கட்டடமே கடகடவென்று அதிர்ந்தது. பிறகு கீழே, குழாயடியில் இருந்த எல்லாப் பேச்சும் நின்றுபோனது எனக்குக் கேட்டது.

ருக்கு காலையில் துளசிக்குத் தண்ணீர் விடுகிற சாக்கில் வந்து, கதவை ஒருசாண் திறந்து, டிபன் காரியரை உள்ளே தள்ளிவிட்டு ஓடிவிடுவாள். மற்றபடி என் பொழுதுபோக்கு ஜன்னல் இடுக்கு. அதன் வழியே எங்கள் வீடு தெரியும். நாம் இல்லாத நம் வீட்டைப் பார்ப்பது நல்லதில்லை, ஐயா. எல்லாம் அப்படியே நடக்கிறது. என் மணையில் வேறு யாரோ விருந்தாளி உட்கார்ந்து சாப்பிடுகிறார். அப்பா சிரித்துப் பேசுகிறார். நம்மால் ஆக வேண்டிய காரியம் ஒன்றுகூட அங்கே பாக்கி இல்லை.

ஒருநாள் காலை பார்த்தால் கூடத்துச் சுவரில் என் போட்டோ. கூட்டத்தன்று எடுத்தது. அப்பா பெருமையோடு சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். மாட்டியதோடு விடாமல், அந்தச் சந்தனச் சீவல் மாலையை வீணாக்குவானேன் என்று அதன் மேலேயே போட்டுவிட்டார். கீழே சுவாமி மாடம். அதில் விளக்கு எரிந்தது. மாலையோடு, விளக்குக்கு மேலே, நான் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். என் நாடியை நானே பிடித்துப் பார்த்துக்கொண்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும்.

இந்த நிலைமையில்தான் பல்லாங்குழிப் பலகையை எடுத்தேன். உள் அறையில் ஜன்னலடியில் அப்படியே கிடந்தது. சத்தம் வராமல் சோழிகளை மெதுவாகப் போட்டு, இரண்டு பக்கமும் நானே ஆடினேன். பாதி ஆட்டத்தில் சாப்பாட்டு மயக்கம் வந்தது. கூடத்தில் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டேன்.

எழுந்து வந்தபோது எதிர்ப்பக்கத்துக்காரர் ஓர் ஆட்டம் ஆடியிருந்தார்.

முதலில் என் ஞாபகத்தைச் சந்தேகித்தேன். பிறகு ருக்குவைச் சந்தேகித்தேன். காலி டிபன் காரியரைக் காணவில்லை. ஆகையால் நான் தூங்கும்போது அவள் வந்து எடுத்துப் போயிருக்கிறாள், போகிற போக்கில் விஷமம் பண்ணியிருக்கிறாள் என்று தீர்மானித்தேன். அவளுக்கு விட்டுக்கொடுப்பதா என்று ஒரு நல்ல ஆட்டம் ஆடி வைத்துவிட்டு மறுநாளும் தூங்கினேன். எழுந்தால் அதற்குப் பதில் ஆட்டம். அதுவும் கெட்டிக்கார ஆட்டம். என் குழிகளைத் துடைத்து எடுத்திருந்தது.

அடுத்த மத்தியானம் தூங்கி எழுந்தபோது என் மேல் ஓவர்கோட் போர்த்தியிருந்தது. கழுத்து வரை, ஒழுங்காக, ஓரம் செருகி. நான் அதை டிரங்குப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தேன். தைத்த ஓட்டை சரியாக என் நெஞ்சின் மேல் இருந்தது. அதை உதறி எறிந்துவிட்டு, சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தவன், பொழுது சாயும் வரை உள் அறைப் பக்கம் போகவில்லை.

மறுநாள் காலை ருக்குவைக் கதவிடுக்கில் பிடித்துக்கொண்டேன்.

"ஏய், மத்தியானம் நான் தூங்கறச்சே வரயா நீ?"

"நானா? இந்தக் கதவுக்கு உள்ளே காலை வெப்பேனா? போடா. அம்புஜம் மாமி சொல்றா, மத்தியானம் மேலே சோழிச் சத்தம் கேக்கறதாம். வாலாம்பா பாட்டி திரும்பி வந்துட்டாளாம்."

"அது நான்தான்டீ."

"சங்கிலி இழுத்ததும் நீதானா? அதைத்தான் மாமியால ஜீரணிக்க முடியலை. பேய்க்கு எதுக்கு கக்கூஸ்னு கட்டடமே விவாதம் பண்றது. ஞாயித்துக்கிழமை செம்பூர்லேருந்து நாணு மாமாவைக் கூட்டிண்டு வரா. பக்கா மந்திரவாதியாம்."

நாணு மாமாவை எனக்குத் தெரியும். வார நாட்களில் ரேஷன் ஆபீஸ் குமாஸ்தா, ஞாயிற்றுக்கிழமைகளில் பாலக்காட்டு மந்திரவாதி. நான் அப்பாவிடம் சொல்லி எப்படியாவது தடுத்துவிடச் சொன்னேன். அப்பா ஆனமட்டும் முயன்றார். தண்ணீர்க் குழாயில் காற்று அடைத்திருக்கிறது என்றுகூட விளக்கினார். அம்புஜம் மாமி, "சாவி உங்க கையில இருக்கு. திறக்க மாட்டேன்னு சொன்னா வேற ஏதோ சமாசாரம்னு அர்த்தம்" என்று ஒரு போடு போட்டாள். அப்பா திறந்து விடுகிறேன் என்று ஒப்புக்கொண்டு வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மாடிப்படியில் அப்பாவின் குரல் ஏழு வீட்டுக்குக் கேட்டது. "இதோ சேஷய்யர் வீட்டைத் திறக்கப் போறோம்! எல்லாரும் திறக்கப் போறோம்!" நான் டிரங்குப் பெட்டியை இழுத்து, ஓவர்கோட்டை அள்ளி, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த பரணில் ஏறிப் பழைய பாய்களுக்குப் பின்னால் பதுங்கினேன். பெட்டியோடு கோட்டுக்கு இடம் இல்லாததால் அதைப் போட்டுக்கொண்டேன்.

எல்லோரும் கூடத்தில் வந்து நின்றார்கள். பாய் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அப்பாவின் முகம் வெளிறியிருந்தது. அம்மா, ருக்குவின் கையைப் பிடித்துக்கொண்டு, அம்புஜம் மாமிக்குப் பக்கத்தில் நின்றாள். நாணு மாமா மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கூடத்து நடுவில் உட்கார்ந்து, தணலில் சாம்பிராணியும், கடுகும், ஒரு கை காய்ந்த மிளகாயும் போட்டார். புகை வேறு எங்கும் போகவில்லை. நேரே பரணுக்கு வந்தது.

நான் தாங்கினேன். என் உயிரே போனாலும் இருமக் கூடாது என்று கோட்டுக் காலரைக் கடித்துக்கொண்டு தாங்கினேன். கண் மூக்கு எல்லாம் ஒழுகியது. நாணு மாமா கண்ணை மூடி ஏதோ ஜபித்தார். பிறகு அதட்டல் கிளம்பியது. ஆபீஸ் பழக்கம் விடவில்லை.

"பேர் என்ன? சொல்லு! எத்தனை பேர் இருக்கேள்?"

நான் காலரை இன்னும் அழுத்திக் கடித்தேன்.

"எத்தனை நாளா இந்த அட்ரஸ்ல இருக்கே? பர்மிஷன் இருக்கா?"

என் தொண்டையில் மிளகாய் ஏறியது.

"கடைசித் தடவை கேக்கறேன். இந்த இடத்தை விட்டு நீ எங்கே போகணும்?"

புகையில் புத்தி எங்கே வேலை செய்கிறது? கேள்வி கேட்டால் உண்மையைச் சொல்லித்தான் எனக்கு வழக்கம். இருமலுக்கும் அழுகைக்கும் நடுவில், எனக்கே அடையாளம் தெரியாத ஒரு குரலில், பரணிலிருந்து சொன்னேன்:

"மால்...டா...வுக்கு."

கீழே ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. நாணு மாமாவின் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. எந்தப் பேயும் இதுவரை அவர் கேள்விக்குப் பதில் சொன்னதில்லை போலிருக்கிறது.

அந்த நிசப்தத்தில் உள் அறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

டொக். கொஞ்சம் இடைவெளி. டொக். டொக். பிறகு நிதானமாக, ஒரு குழி விடாமல், ஒவ்வொன்றாக.

கூட்டத்தில் எல்லோரும் உள் அறைப் பக்கம் திரும்பினார்கள். நானும் திரும்பினேன். அவர்களுக்காவது அது பேய் என்ற நிம்மதி இருந்தது. அந்த வீட்டில் சோழி போடும் பேய் நான்தான், நானோ பரணில் இருக்கிறேன் என்பது எனக்கு மட்டும் தெரியும். ஆய்வுக்கூடத்து மூளை 'எலி' என்றது. காது 'இல்லை' என்றது. எலி இப்படி எண்ணி எண்ணிப் போடுமா?

நான் குதித்தேனா, விழுந்தேனா, தெரியாது. உடம்பெல்லாம் ஒட்டடையும் சுண்ணாம்புத் தூளுமாக, முழங்காலுக்குக் கீழே தொங்கும் பட்டாளத்துக் கோட்டோடு, நாணு மாமாவுக்கு முன்னால் போய் விழுந்தேன். அவர் மந்திரத்தை விட்டுவிட்டு "அரே பாப்ரே!" என்று கதறியபடி முதலில் ஓடினார். அவருக்குப் பின்னால் மொத்தக் கூட்டமும். அவர்களையெல்லாம் முந்திக்கொண்டு நான். படியிறங்கி, சந்தைத் தாண்டி, எங்கள் வீட்டுப் படியில் ஏறி, வாசற்படியை ஒரே தாண்டாகத் தாண்டி, சமையலறைக்குள் போய் அரிசி டின்னைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

சந்தில் அம்புஜம் மாமி ஓலமிட ஆரம்பித்துவிட்டாள். "கப்பல் முழுகிடுத்து! விச்சு போயிட்டான்! அன்னிக்கே படத்துக்கு மாலை போட்டிருக்கறதைப் பார்த்தேன், சொல்லாம மறைச்சுட்டேளே!" யாரோ அப்பாவின் தோளைப் பிடித்துத் துக்கம் விசாரித்தார்கள். அப்பா, பையன் உயிரோடு இருக்கிறான் என்றார். மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று அவர்கள் பதிலுக்குச் சொன்னார்கள்.

அம்மா மெதுவாக வந்தாள். வாசற்படியைப் பார்த்தாள். உள்ளே இருந்த என்னைப் பார்த்தாள்.

"தாண்டிட்டியேடா" என்றாள்.

அந்தக் குரலை நான் மறக்கவில்லை. அதுவரை எல்லாம் எனக்குக் கூத்தாகத்தான் இருந்தது. அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கிச்சா மாமா கண்ணாடியோடு ஓடிவந்த அதே படி. எனக்கு மால்டாவும் வேண்டாம், ஆட்டுப்பாலும் வேண்டாம் என்று இருந்தது. "நான் போகலை அம்மா, இங்கேயே இருந்துடறேன்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

மறுநாள் கம்பெனி சிப்பந்தி வந்தான். பாய்லர் சரியாகிவிட்டது, கப்பல் வெள்ளிக்கிழமை கிளம்புகிறது. மறுபடியும் வெள்ளிக்கிழமை! அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். இந்தக் கப்பலை விட்டால் டெர்மும் போய்விடும். ஜோசியரைக் கூப்பிடலாமா என்று அப்பா அம்மாவைக் கேட்டார்.

அம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "ஒருத்தரும் வேண்டாம். நல்ல நாள் பார்த்துக் கிளம்பினான், பேயாப் போனான். கெட்ட நாள்லயே கிளம்பட்டும், மனுஷனாவாவது போய்ச் சேருவான். நம்ம வாசல்லேருந்தே போகட்டும்."

சொல்லிவிட்டு உள்ளே போனவள் அடுப்படியில் வெகுநேரம் ஒன்றும் செய்யாமல் நின்றாள்.

வெள்ளிக்கிழமை என்னை வழியனுப்பத் தெரு வரவில்லை. ஒரு தடவை அழுதாகிவிட்டதே! ஜன்னல்களுக்குப் பின்னால் மட்டும் கண்கள் தெரிந்தன. அம்புஜம் மாமி ஒருத்திதான் இறங்கி வந்து, என் கையை அழுத்திக் கிள்ளினாள். நான் "ஆ" என்றதும், "சரி, போயிட்டு வா" என்று அரைமனதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அம்மா கப்பல்துறை வரைக்கும் வந்தாள். பல்லார்ட் பியரில் கூட்டம் நெரிந்தது. சொல்ல வேண்டியதையெல்லாம் வீட்டிலேயே சொல்லிவிட்டதால் எங்களுக்குப் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் அவள் என் கோட்டுக் காலரைச் சரிபண்ணினாள்.

"வாயைத் திறந்துண்டு தூங்காதேடா. ஈ போயிடும். அங்கே வந்து யாரு மூடிவிடுவா?"

"நான் வாயைத் திறந்துண்டு தூங்கறது உனக்கு எப்படித் தெரியும்?"

"தினம் மத்தியானம் வந்தேனே. நீதானே படி தாண்டப்படாது, நான் தாண்டலாமோன்னோ? பித்தளைக் காரியரை எடுத்துக்கற சாக்குல வந்து கொஞ்ச நாழி உட்கார்ந்திருப்பேன். எழுப்பினா, ஆத்துக்கு வரேன்னு கிளம்பிடுவியோன்னு பயம். வெறுந்தரையில சுருண்டுண்டிருந்தே, கோட்டை எடுத்துப் போத்தினேன்."

"பல்லாங்குழி?"

"நீ ஆடறது கண்ணால பார்க்கச் சகிக்கலை. அதான் நானும் ரெண்டு ஆட்டம் ஆடினேன்."

நான் அழுதுகொண்டே சிரித்தேன். இத்தனை நாளும் என்னைக் கதிகலங்க வைத்த பேய் என் எதிரே மடிசார் கட்டிக்கொண்டு நிற்கிறது. கப்பலின் ஊதல் ஒலித்தது. படிக்கட்டில் பாதி ஏறியவன் திரும்பி, கூட்டத்துக்கு மேலாகக் கத்தினேன்.

"அப்போ ஞாயித்துக்கிழமையும் நீதானா அம்மா?"

அம்மா கையைக் காதில் வைத்துக் கேட்டாள். பிறகு அவள் முகம் மாறியது.

"ஞாயித்துக்கிழமை நான் கூடத்துலன்னா நின்னுண்டிருந்தேன், அம்புஜத்துக்குப் பக்கத்துல?"

பின்னாலிருந்தவர்கள் தள்ளினார்கள். நான் மேலே போய்விட்டேன்.

மால்டாவுக்கு டெர்ம் ஆரம்பிப்பதற்குள் போய்ச் சேர்ந்தேன். குண்டு விழுந்து பாதி இடிந்த வீடுகளுக்கு நடுவில் ஆடுகளோடு மாரடித்து ஒரு பட்டமும் வாங்கினேன். அதைப் பற்றி இன்றுவரை வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எங்கள் குடும்பத்தில் மால்டா என்றால் பரண்தான். யாராவது விடைபெற்றுக்கொண்டு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே நின்றால், ருக்கு நாணு மாமாவின் குரலில் "இந்த இடத்தை விட்டு நீ எங்கே போகணும்?" என்று அதட்டுவாள். பேரன் பேத்திகள் வரை எல்லோரும் இருமிக்கொண்டே "மால்...டா...வுக்கு" என்பார்கள். நானும் சிரிப்பேன், வேறு என்ன செய்வது?

அப்பா ஒரு விஷயத்தை வெகுநாள் கழித்துத்தான் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பூட்டுப் போட அவர் தனியாக மேலே போனாராம். உள் அறையில் பலகை ஜன்னலடியிலேயே இருந்ததாம். என் பக்கத்துக் குழிகள் எல்லாம் துடைத்துவிட்டாற்போல் காலி. எதிர்ப்பக்கம் நிறைந்து வழிந்ததாம். "நீ தோத்துட்டேடா" என்றார்.

சேஷய்யர் அந்த வீட்டைக் காலி செய்தபோது பலகையை எங்களிடமே கொடுத்துவிட்டார். இப்போது எங்கள் அலமாரியின் மேல் இருக்கிறது. லீவு நாளில் குழந்தைகள் எடுத்து ஆடுவார்கள். ஆனால் தனியாக உட்கார்ந்து ஆட யாரையும் விடுவதில்லை. சோழிச் சத்தம் கேட்டதும், கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு, நானோ ருக்குவோ போய் எதிரே உட்கார்ந்துவிடுவோம்.